மலைப் பக்கமிருந்து வந்த அலை

அன்று காலை கேப்டனுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆள் கூப்பிட வேண்டும் என்றாள் அவள். ஆளெல்லாம் எதற்கு, நானே பார்க்கிறேன் என்றார் அவர். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே ஒரு மழைக்காலம் போய்விட்டது. "ஃபேக்டரி மெஷினையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுப் போடுறீங்க, வீட்டுக் குழாய்னா மட்டும் கை வராதா?" என்று அவள் கேட்டதில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர், தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கேப்டன்தான். கார், வேன், லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் தட்டையான பெரிய படகை அவள் ஓட்டினாள். அவள் தம்பி அதே படகில் இஞ்சின் பார்த்துக்கொண்டான். வீட்டுக்காரரை ஊர் ஐஸ்காரர் என்றது. மீனுக்குப் போடும் ஐஸ் தயாரிக்கும் ஃபேக்டரி படகுத்துறையை ஒட்டியே இருந்தது. அதன் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. ஆகவே பேசாமல் இருந்தாலும் நாள் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். சண்டை போட்ட நாட்களில் அது பெரிய தொல்லை.

அந்த ஊரைக் கடலோர ஊர் என்றும் சொல்லலாம், மலையடிவார ஊர் என்றும் சொல்லலாம். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கடல் ஒடுக்கமாக வெகுதூரம் உள்ளே நுழைந்திருந்தது. அதைக் கழி என்பார்கள். கழியின் பாதி வழியில் ஊர். இடப்பக்கம் போனால் கழி அகன்று, துறைமுக நகரத்தைத் தாண்டிப் பெருங்கடலில் சேரும். வலப்பக்கம் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப்புறம் மலைகளுக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அங்கே வீடு கிடையாது, ரோடு கிடையாது, போவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

கடலலை பற்றிய பயம் ஊருக்குப் புதிதல்ல. வருடா வருடம் ஒத்திகை நடக்கும். பூமி ஆடும், சைரன் ஊதும், எல்லோரும் மேட்டுத்தெரு வழியாக மேலே ஓட வேண்டும். அலை வருவது இடப்பக்கமிருந்து, பெருங்கடலிலிருந்து. இது பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். படகோட்டிகளுக்குத் தனி விதி உண்டு: ஆழத்தில் இருந்தால் கரைக்கு வராதே. ஆனால் படகு துறையில் கட்டியிருக்கும்போது, ஏறுபலகை இறக்கியிருக்கும்போது, வண்டிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

படகு அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரொட்டி வேன் ஏறி நின்றதும், துறையில் கயிறு கட்டும் ஆள், ஊர் முடிச்சு என்று கூப்பிடுபவர், வழக்கம்போல ஒரு மரக்கட்டையோடு வந்து அதன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

"ஹேண்ட் பிரேக்கை மாத்துன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?" என்றார்.

"மாத்திட்டா உங்களுக்கு வேலை இல்லாம போயிடுமே" என்றார் வேன்காரர்.

முடிச்சுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் போட்ட முடிச்சு புயலிலும் அவிழாது, ஆனால் அவர் இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதனால் வந்த பெயர். "ஊருக்கெல்லாம் முடிச்சு போடுறீங்க, உங்களுக்கு ஒரு மூணு முடிச்சு போட்டுக்கத் தெரியலையே" என்று கேப்டன் கேலி செய்தால், "போட்டா அவிழ்க்க முடியாதாமே கேப்டனம்மா" என்பார்.

வேனுக்குப் பின்னால் ஒரு தையல்காரம்மாவும் அவள் மகளும் தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

நூறு லாரி ஜல்லியை ஒரே நேரத்தில் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் கொட்டி முடியவே இல்லை. கேப்டன் முதலில் எங்கோ பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று நினைத்தாள். தம்பி இஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டி, "அக்கா, நம்ம இஞ்சின்லதான் ஏதோ அடிக்குதா?" என்றான். வேன்காரர் குனிந்து டயரைப் பார்த்தார். முடிச்சு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. ஐஸ்காரரோ தன் கம்ப்ரசர் வெடித்துவிட்டது என்று பதறி ஃபேக்டரிக்கு வெளியே ஓடிவந்து, கட்டடம் முழுசாக நிற்பதைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் அது தன்னுடைய சாமானில் வந்த கோளாறாகத்தான் தோன்றியது.

பூமி ஆடவில்லை. சைரன் ஊதவில்லை. வளைவுக்கு மேலே மட்டும் பழுப்பாக ஒரு புழுதி எழும்பி வந்தது. பிறகு காற்று அடித்தது. புதிதாக வெட்டின மண்ணின் வாடை, உடைந்த பச்சை மரத்தின் வாடை. காற்று வலப்பக்கமிருந்து வந்தது. அங்கிருந்து அப்படிக் காற்று வந்து அவள் பார்த்ததில்லை.

அடுத்து தண்ணீர் இறங்கியது. படகு பொத்தென்று கீழே போனது போலிருந்தது. கட்டியிருந்த கயிறுகள் விறைத்துக்கொண்டு முறுகின. துறைச் சுவரில் வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் சிப்பிகளும் பளபளவென்று வெளியே தெரிந்தன. சுக்கான் அறைக் கண்ணாடி வழியாக வளைவைப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைக் கோடு, கரையிலிருந்து கரை வரைக்கும். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் பிற்பாடும் அவள் எல்லோரிடமும் சொன்னது. அலை என்று அவள் நினைக்கவே இல்லை. அலை இடப்பக்கமிருந்துதானே வர வேண்டும்.

ஆனாலும் கை முந்திக்கொண்டது. "கயிறை விடுங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். "முடிச்சு, கயிறை விட்டுட்டு உள்ள ஏறுங்க."

முடிச்சு முன்கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். பின்கயிற்றை நோக்கி ஓடினார். அதே நேரம் கரையிலிருந்து ஐஸ்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு துறையை நோக்கி வந்தார். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி தண்ணீர் வற்றினால் கரையில் இருப்பவர்கள் மேலே ஓட வேண்டும். அவர் அதைத்தான் சொன்னார். இறங்கு, இறங்கு என்று கை காட்டினார். கேப்டன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, ஏறுங்க, ஏறுங்க என்று கை காட்டினாள். காலையிலிருந்து அதுதான் அவர்கள் முதல் பேச்சு. அந்த இரைச்சலில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை.

முடிச்சு பின்கயிற்றையும் அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் ஐஸ்காரர். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கேப்டன் ஏறுபலகையைத் தூக்கும் பொத்தானை அமுக்கினாள். அதற்கு மேல் பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

துறையை விட்டு ஆழத்துக்கு வந்து, படகின் மூக்கை வளைவின் பக்கம் திருப்பினாள். தம்பி கேள்வி கேட்காமல் இஞ்சினுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் கொடுத்தான். வெள்ளைக் கோடு இப்போது கோடாக இல்லை. சுவராக இருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஏறிக்கொண்டு வந்தது. "பிடிச்சுக்கங்க" என்றுதான் ஒலிபெருக்கியில் சொன்னாள். எதைப் பிடிக்க என்று சொல்லவில்லை.

படகு ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியில் மலை மறைந்து, வளைவு மறைந்து, வெறும் வானம் மட்டும் இருந்தது. பின்னால் ரொட்டி வேன் கட்டையைத் தள்ளிக்கொண்டு சரிந்து, படகின் பின்பக்கக் கதவில் மோதி நின்றது. தையல்காரம்மா மகளையும் மெஷினையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். உச்சியில் ஒரு நொடி எல்லாமே நின்றாற்போல் இருந்தது. அப்புறம் படகு முன்னால் கவிழ்வது போல இறங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அலை ஊரின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஐஸ் ஃபேக்டரியின் கூரை ஒரு கணம் முழுசாக மிதந்தது, பிறகு இல்லை. துறை இல்லை. மேட்டுத்தெருவின் பாதி வரைக்கும் தண்ணீர் போய், புழுதியிலும் நுரையிலும் மறைந்தது. மேலே யார் ஓடினார்கள், எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.

அலை அதோடு விடவில்லை. எதிர்க்கரையில் மோதித் திரும்பியது ஒன்று, ஊரில் மோதித் திரும்பியது ஒன்று என்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. படகின் மூக்கை எங்கே திருப்புவது என்று அவளுக்குப் புரியவில்லை. வந்ததை வந்தபடி வாங்கிக்கொண்டாள்.

முதல் அலை இடப்பக்கமாக, துறைமுக நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வயர்லெஸ் ஞாபகம் வந்தது.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்தவர் நிதானமான ஆள். "கேப்டன், நிலநடுக்கம் எதுவும் பதிவாகலையே" என்றார்.

"ஆமா. ஆடல."

"அப்ப அலை எங்கிருந்து வருது?"

"உள்பக்கமிருந்து."

"உள்பக்கம் கடலே இல்லையேம்மா. மலைதானே இருக்கு."

"தெரியும். ஆனா அங்கிருந்துதான் வந்துச்சு. உங்க பக்கம்தான் வந்துக்கிட்டிருக்கு."

"எவ்வளவு உயரம்?"

"தெரியல. ஐஸ் ஃபேக்டரி தெரியல."

"ஃபேக்டரி தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. இருந்துச்சு, இப்ப இல்ல. எனக்கு எதுவும் புரியல சார். ஆனா தண்ணி வருது."

அவர் சைரனை அடித்துவிட்டார். நகரத்தில் கடற்கரைச் சாலையில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே மேலே ஏறினார்கள். அங்கே கழி அகலமாக இருந்ததால் அலை தேய்ந்து வந்தது. இருந்தும் படகுகளைத் தூக்கிச் சாலையில் போட்டுவிட்டுப் போனது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு அவரைப் பாராட்டினார்கள். "எனக்கு ஒண்ணும் விளங்கல, அதான் அடிச்சேன். விளங்கியிருந்தா யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்" என்று அவர் சொன்னாராம்.

கேப்டனால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. வேரோடு பிடுங்கிய மரங்கள் கழி முழுக்க மிதந்தன. படகின் விசிறியில் ஏதோ சிக்கி இஞ்சின் நின்றுபோனது. வடிகிற தண்ணீர் படகைத் தன்பாட்டில் துறைமுகத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தம்பி மேலே வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"மாமா ஓடியிருப்பாரு அக்கா" என்றான்.

"நீ பார்த்தியா?"

"நான் கீழ இருந்தேனே."

"அப்புறம் எப்படிச் சொல்ற?"

சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு வந்து அவர்களைத் துறைமுகத்துக்குக் கட்டி இழுத்துச் சென்றது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கேப்டனுக்குக் கோர்வையாக ஞாபகமில்லை. ஊரிலிருந்து மலைப்பாதை வழியாகப் பேருந்துகளில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஃபோன் எதுவும் வேலை செய்யவில்லை. ஐஸ் ஃபேக்டரி அடியோடு போய்விட்டது, உள்ளே இருந்தவர்கள் யாரும் இல்லை என்று ஒருவர் சொன்னார். இல்லை, எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். வெளியே வரும்போது ஒரு பெண் ஓடிவந்து, "ஐஸ்காரரைத்தானே தேடுறீங்க? உயர்நிலைப் பள்ளியில இருக்காரு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்றாள்.

கேப்டன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிப் படுக்கை விரித்திருந்தார்கள். "ஐஸ்காரர் எங்க?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கே மேட்டுத்தெருவில் தள்ளுவண்டியில் ஐஸ்க்ரீம் விற்கும் மனிதர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்று, தான் என்னவோ தப்புச் செய்துவிட்டது போல, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் தொடங்கியது. அவர் தன் போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார்.

ஐஸ்காரர் உயிரோடுதான் இருந்தார். மேட்டுத்தெருவின் உச்சியிலிருந்து அவர் கண்டது, படகு அலையின் மேல் செங்குத்தாக ஏறுவதும் புழுதி மூடுவதும்தான். படகு போய்விட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். சுற்றியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். மறுநாள், துறைமுகத்தில் ஒரு படகை இழுத்து வந்து கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உடைந்த துண்டாவது இருக்குமா என்று பார்க்க வந்தார். படகு முழுசாக நின்றது. அதன் ஏறுபலகையில் கேப்டன் உட்கார்ந்திருந்தாள்.

சினிமாவாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். வலது காலில் செருப்பு இல்லை.

"ஏன் போன? இறங்குன்னு சொன்னேன்ல?" என்றார்.

"நீங்க ஏன் ஏறல? ஏறுங்கன்னு சொன்னேன்ல?"

"துறையில நிக்குற படகுல எவனாவது ஏறுவானா அந்த நேரத்துல?"

"படகை விட்டுட்டு நான் இறங்கியிருந்தா, உள்ள இருந்த ஜனம்?"

தம்பி இஞ்சின் அறையிலிருந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே போய்விட்டான். ஐஸ்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "முடிச்சு உன்கூடதானே இருக்காரு?" என்று கேட்டார்.

கேப்டன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்ககூட மேல ஓடி வரல?"

முடிச்சு கிடைக்கவே இல்லை. வாரக்கணக்கில் தேடினார்கள். ஊரில் அலை அடித்துக்கொண்டு போனவர்களில் மற்ற எல்லோரும் கிடைத்த பிறகும் அவர் மட்டும் கிடைக்கவில்லை.

முடிச்சின் அக்கா வேறு ஊரிலிருந்து வந்தாள். வெள்ளை முடியை இறுக்கிக் கட்டிய, ஒல்லியான பெண். அலைக்குப் பிறகு ஊரின் மேல்பகுதியில் கேப்டனும் ஐஸ்காரரும் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டைத் தேடி வந்தாள். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"அவனைக் கடைசியாப் பார்த்தது நீங்க ரெண்டு பேரும்தான்னாங்க" என்றாள். "எந்தப் பக்கம் பார்த்து நின்னான்?"

"படகுப் பக்கம்" என்றாள் கேப்டன். "ஏறப்போறாருன்னுதான் நினைச்சேன்."

"என் பக்கம்" என்றார் ஐஸ்காரர் அதே மூச்சில். "நான் கூப்பிட்டேன். வர்றாருன்னு நினைச்சு நான் திரும்பி ஓடிட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை நாளும் இருவர் மனத்திலும் இருந்தது அதுதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் முடிச்சு மேலே ஓடியிருப்பார். இவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் படகில் ஏறியிருப்பார். இரண்டு வழியும் பிழைக்கிற வழிதான். இரண்டு பேரும் சரியாகத்தான் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் நடுவில் நின்றுவிட்டார்.

அக்கா தன் கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் கூப்பிட்டீங்க" என்றாள் கடைசியில். "அப்ப அவன் தனியா நிக்கல."

அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று கேப்டனுக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "இப்பத் தண்ணி குடு" என்றாள். குடித்துவிட்டுப் போனாள்.

ஊர்க்கூட்டம் ஒன்று நடந்தது. மலை, பாறை எல்லாம் ஆராயும் ஒரு பெண் தலைநகரிலிருந்து வந்திருந்தாள். ஊர் அவளுக்குப் பாறை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டது. தூக்கம் கெட்ட கண்கள். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வளைவுக்கு அந்தப்புறம் மலையோட ஒரு பக்கம் அப்படியே கழண்டு தண்ணியில விழுந்திருக்கு. ஒரு தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, அதுல ஒரு குண்டு ஆள் பொத்துன்னு குதிச்சா என்ன ஆகும்? அதுதான். நிலநடுக்கத்துல வர்ற அலை வேற. அது கடலோட அடித்தரையே அசையறதால வர்றது, எத்தனையோ ஊர் தாண்டிப் போகும், எச்சரிக்கை கொடுக்க நேரம் இருக்கும். இது ஒரே இடத்துல விழற அடி. விழுந்த இடத்துக்கு எதிர்மலையில மரமெல்லாம் எவ்வளவு உயரத்துக்கு வழிச்சிட்டுப் போயிருக்குன்னு நீங்க பார்த்தா நம்ப மாட்டீங்க. தூரம் போகப்போகத் தேயும். ஆனா ஒடுக்கமான கழியில தேயறதுக்கு இடம் இல்ல. நேரமும் இல்ல."

"அப்படி விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?" என்று ரொட்டி வேன்காரர் கேட்டார்.

"கழியோரம் ஒரு மலை நகர்றது தெரியும். கருவியெல்லாம் வச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம். ஆனா நாங்க பார்த்தது எதிர்ப்பக்கத்து மலையை. அது இன்னும் நிக்குது. இது விழுந்துடுச்சு. ஏன்னு எனக்கு இன்னும் முழுசா விளங்கல."

கூட்டம் முணுமுணுத்தது. கேப்டனுக்கு என்னவோ அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. இத்தனை நாளில் விளங்கவில்லை என்று சத்தமாகச் சொன்ன முதல் படித்த ஆள் அவள்தான்.

விழுந்தது பாதிதான், மீதி மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது என்றும் அவள் சொன்னாள். நாளைக்கு விழலாம், நம் பேரன் பேத்தி காலத்தில் விழலாம். இனி கருவிகள் இருக்கும், சைரன் இருக்கும். ஆனால் சைரனுக்கும் அலைக்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

கேப்டன் எழுந்து நின்றாள். "அன்னைக்கு நான் படகுல ஏறச் சொன்னேன். இவர் இறங்கச் சொன்னாரு. எது சரி?"

பாறை டாக்டர் இருவரையும் பார்த்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். "தண்ணியில இருக்கிறவங்க ஆழத்துக்குப் போகணும். தரையில இருக்கிறவங்க மேல போகணும்" என்றாள். "இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் மாறத்தான் நேரம் இருக்காது. யாரையும் தேடவும் நேரம் இருக்காது."

"துறையில நிக்கிறவர்?"

"துறை தரைதான்" என்றாள். பிறகு, "இப்ப உட்கார்ந்து யோசிச்சுச் சொல்றேன். அன்னைக்கு அங்க நின்னிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஐஸ்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். கேப்டன் அடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பேசி முடிச்சுக்கலாம்" என்றார்.

"சொல்லுங்க."

"அடுத்த தடவை சைரன் ஊதினா நான் உன்னைத் தேட மாட்டேன். நேரா மேல போயிடுவேன். துறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

கேப்டன் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீயும் என்னைத் தேடக் கூடாது. படகுல இருந்தா ஆழத்துக்குப் போ. வீட்டுல இருந்தா மேல போ. நான் எங்க இருக்கேன்னு பார்க்காத. கூப்பிடாத. கையும் காட்டாத."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. என்னைத் தேடாதே என்று ஒரு மனிதர் தன் பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார். இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வதா, வேறு என்னவென்று எடுத்துக்கொள்வது?

"சரி" என்றாள்.

"நிஜமா?"

"சரின்னுட்டேனே."

"முடியுமா உன்னால?"

"உங்களால முடியுமா?"

அவர் சட்டைப் பொத்தானை ஒன்றொன்றாகக் கழற்றத் தொடங்கினார். தன்னால் முடியாது என்று அவளுக்குப் பட்டது. அவராலும் முடியாது என்று பட்டது. முடியாவிட்டால் முடிச்சு மாதிரி இன்னொருவர் நடுவில் நிற்பார் என்பதும் தெரிந்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்றுதான் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு புதுத் துறை கட்டினார்கள். ஐஸ் ஃபேக்டரியை மேல்ரோட்டில் போட்டார்கள். ஐஸ்காரர் இப்போது காலையில் மலைப்பக்கம் ஏறிப் போனார், கேப்டன் இறங்கி வந்தாள். படகு ஓடத் தொடங்கிய முதல் நாள் வண்டிகள் அவ்வளவாக இல்லை. தம்பி இஞ்சினை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு கட்ட ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். முன்பு சரக்குக் கிடங்கில் இருந்தவள், கை நல்ல உறுதி. முதல் கயிற்றைக் கட்டிவிட்டு அவள் சுக்கான் அறைப் படி வரை ஏறி வந்தாள்.

"கேப்டன், ஒண்ணு கேட்கணும். சைரன் ஊதினா நான் கயிறை விட்டுட்டுப் படகுல ஏறணுமா, மேல ஓடணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

கேப்டன் ஜன்னல் வழியாக வளைவைப் பார்த்தாள். தண்ணீர் சும்மாதான் கிடந்தது.

"மேல ஓடு" என்றாள். "கயிறைத் தொடாத. கயிறை நாங்களே வெட்டிக்குவோம், கோடாலி வாங்கி வச்சிருக்கு."

"சரி."

"என்னைத் திரும்பிப் பார்க்காத. நான் கூப்பிட்டாலும் வராத."

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "நீங்களே கூப்பிட்டாலுமா?"

"நானே கூப்பிட்டாலும். அன்னைக்கு நான் என்ன கத்துவேன்னு எனக்கே தெரியாது."

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. கேப்டன் ஏறுபலகையை இறக்கினாள்.